ஒட்டுச் செண்பகம்

ஐந்தருவி சாலை, குற்றாலம்
23.6.2024

அன்புள்ள அத்தைக்கு,

மொழி எழுதுகிறேன். புதிதாக வாங்கிய காது மெஷின் ஒத்துவருகிறதா? போனில் பேசினால் கேட்கவில்லை, செல்லில் படித்தால் கண் எரிகிறது என்று சொன்னீர்கள். அதனால் இனிக் கடிதமே போடுகிறேன். எனக்கும் பேசுவதைவிட எழுதுவது சுலபம்.

போன வாரம் உங்கள் வீட்டுக்குக் குடிவந்துவிட்டேன். சுரண்டையில் எங்கள் ஒற்றை அறையில் அம்மாவின் பீடித் தட்டும் என் புத்தகங்களும் இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. தென்காசி கோச்சிங் முடியும்வரை வாடகை இல்லாமல் இருந்துகொள் என்று நீங்கள் சொன்னது பெரிய உதவி. அம்மாவையும் கூட இருக்கக் கூப்பிட்டேன். வாசல்வரை வந்து பையை வைத்தவள், தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

சாரல் தொடங்கிவிட்டது. ரோடு முழுக்க வெளியூர் வண்டிகள். வாசலில் நின்ற செண்பகம் போன மாதக் காற்றில் சாய்ந்தது உங்களுக்குத் தெரியும். மரத்தை அறுத்து எடுத்துப்போய்விட்டார்கள், அடிக்கட்டை மட்டும் நிற்கிறது. ஆனால் விளக்கு வைக்கும் நேரத்தில் வாசல் அறையில் பூ வாசம் வருகிறது. அறுத்த கட்டையின் வாசமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டும் வேறு வேறு என்று பாட்டனி படித்த எனக்குத் தெரியும். இருந்தாலும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

லிங்கம் அத்தானை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

பணிவுடன்,
மருமகள் குழல்வாய்மொழி


முலுண்ட், மும்பை
8.7.2024

என் மருமகள் மொழிக்கு,

அத்தை எழுதுவது. மெஷின் காதில் கிடந்து கொய்ங் என்கிறதே தவிர ஒன்றும் கேட்கவில்லை. மற்றபடி சுகமாக இருக்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு, இளைத்துப் போகாதே.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். அந்த வாசலில் செண்பகம் இல்லாமல் இருக்கக் கூடாது. மரமில்லாத வருஷம் அந்த வீட்டு ஆண்பிள்ளைக்கு ஆகாது என்பது உன் மாமா குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வருவது. லிங்கத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த நேரத்தில் வாசல் மொட்டையாகக் கிடப்பது எனக்கு மனசுக்குச் சரியாக இல்லை.

பழைய மரம் நின்ற இடத்திலேயே புது மரம் வர வேண்டும். விதை போட்டு வளர்த்தால் நல்லது. நீதான் உன் கையால் வைக்க வேண்டும். கூலிக்கு ஆள் பிடிக்காதே. மருமகனோ மருமகளோ, அந்த வீட்டுக்கு வாழ வந்த பெண்ணின் பிறந்த வீட்டுக் கை படுவதுதான் வழக்கம். வைத்ததும் எனக்கு எழுது.

லிங்கம் அடுத்த மாதம் ஆபீஸ் வேலையாக ஐதராபாத் போகிறான். அவனுக்குக் குற்றாலம் என்று ஒரு ஊர் இருப்பதே மறந்திருக்கும்.

உன் நல்லதை நினைக்கும் அத்தை,
உலகம்மாள்


குற்றாலம்
19.8.2024

அன்புள்ள அத்தைக்கு,

நீங்களும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்குச் சளி மட்டும்தான், அதுவும் சாரலில் நனைந்ததால்.

செண்பகம் வைத்தாயிற்று. விதை தேடினேன். காட்டுக்குள் உதிர்ந்த பழத்தைக் குருவிகள் விடவில்லை. கிடைத்ததும் காய்ந்த விதை, அது முளைக்காது. அதனால் இலஞ்சிப் பக்கம் ஒரு நர்சரியில் கன்றாக வாங்கினேன், என் நெஞ்சு உயரம். செண்பக வேர் சதைப்பற்றானது. தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும், ஒருமுறை வைத்ததைப் பிடுங்கி மாற்றினாலும் தாங்காது. அதனால் அடிக்கட்டையை ஒட்டிக் குழி ஆழமாகத் தோண்டி, ஆற்று மணலும் மக்கிய சாணமும் கலந்து போட்டேன். பழைய மரத்தின் வேர்கள் குழிக்குள் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்தன. வெட்டியபோது உள்ளே இன்னும் ஈரமாக இருந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, தூறலில், கன்று குழிக்குள் இறங்கியது. பக்கத்து வீட்டு ஜெபமலர் அக்கா, ஐந்தருவியில் மங்குஸ்தான் விற்பவள், இரண்டு கிளாஸ் சுக்குக் காப்பி கொண்டுவந்து தந்தாள். சூடாக இருந்தது.

வேறு விசேஷம் இல்லை.

பணிவுடன்,
மொழி


மும்பை
6.9.2024

மருமகள் மொழிக்கு,

உன் கடிதம் கிடைத்து வயிறு குளிர்ந்தது. சளிக்கு மிளகு ரசம் வைத்துக் குடி. விதையைவிடக் கன்று என்பது கொஞ்சம் முந்திதான், இருந்தாலும் பரவாயில்லை. பூக்க ஏழெட்டு வருஷம் ஆகும். அதற்குள் உனக்கும் ஒரு நல்லது நடந்து நீ உன் வீடு போயிருப்பாய்.

லிங்கம் ஐதராபாத்திலிருந்து வந்துவிட்டான். அங்கே நல்ல மழையாம். பையைப் பிரித்தால் செருப்பில் செம்மண் அப்பிக் கிடக்கிறது. துணி வெளுக்கப் போட்டேன், ஒரு சட்டையில் செண்பக வாசம். எந்தக் கடையில் என்ன சென்ட் அடித்தானோ. கேட்டால் சிரிக்கிறான்.

எல்லாம் உன் கையால்தானே செய்தாய்? அதை மட்டும் ஒரு வரி தெளிவாக எழுது.

அத்தை


குற்றாலம்
10.11.2024

அன்புள்ள அத்தைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபம் வேண்டாம். பரீட்சை, மழை, கரண்ட் இல்லாத நாட்கள். உங்கள் கண் எரிச்சல் குறைந்ததா?

குழி வெட்டியது நான். தினமும் தண்ணீர் ஊற்றுவதும் நான்தான்.

ஒரு சந்தோஷமான சேதி. நீங்கள் ஏழெட்டு வருஷம் காத்திருக்க வேண்டாம். நான் வாங்கியது ஒட்டுக் கன்று. நாற்றின் தண்டில், ஏற்கனவே பூக்கிற மரத்தின் குச்சியை வைத்துக் கட்டி ஒன்றாக்கியது. குச்சிக்குத் தாய்மரத்தின் வயசு இருப்பதால் நட்ட மறுவருஷமே பூத்துவிடும். விதைக் கன்றைவிட விலை கூடுதல்தான், ஆனால் அத்தான் கல்யாணத்துக்கு வாசலில் பூ இருந்தால் உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் மட்டும் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது மேல்குச்சியைக் கொன்றுவிடும். தினமும் பார்த்துக் கிள்ளுகிறேன்.

வாசல் அறையில் வரும் வாசம் நிற்கவில்லை. முன்பு சாயங்காலம் மட்டும் வந்தது, இப்போது நான் படித்துக்கொண்டிருக்கும்போதும் வருகிறது. யாரோ பூ வைத்துக்கொண்டு பின்னால் வந்து நிற்பதுபோல. கன்றில் பத்துப் பதினைந்து இலைகள்தான் இருக்கின்றன.

பணிவுடன்,
மொழி


குற்றாலம்
20.1.2025

அன்புள்ள அத்தைக்கு,

பொங்கலுக்கும் உங்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. போன கடிதம் கிடைத்ததா? உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அத்தான் நலமா?

பரீட்சையில் தேறிவிட்டேன். எந்த ஊரில் வேலை என்று இனிமேல்தான் தெரியும். எங்கள் வீட்டில் அரசு வேலை என்பதை அம்மாவால் நம்ப முடியவில்லை. எல்லோரிடமும் இரண்டு தடவை சொல்கிறாள்.

கன்று என்னைவிட உயரமாகிவிட்டது. காற்றில்லாத நேரத்திலும் அசைவதுபோல் இருக்கிறது. நான் அதிகம் பார்க்கிறேனோ என்னவோ.

மொழி


மும்பை
12.2.2025

மருமகள் மொழிக்கு,

கடிதம் இரண்டும் கிடைத்தன. சுகமாக இருக்கிறேன்.

ஒட்டு என்று முதலிலேயே ஏன் எழுதவில்லை? படித்தவள் என்றால் பெரியவர்களைக் கேட்க வேண்டியதில்லையா? விதை போட்டிருந்தால் உனக்குப் பத்து வருஷமாவது இருந்திருக்கும். சரி, நடந்தது நடந்துவிட்டது.

நீ கொஞ்ச நாள் சுரண்டையில் உன் அம்மாவோடு போய் இரு. அவளுக்கும் ஆசையாக இருக்கும். பிடித்ததை வாங்கிச் சாப்பிடு. தபாலில் ஒரு பச்சைப் பட்டு அனுப்பியிருக்கிறேன். அதைக் கட்டிக்கொண்டு தென்காசியில் நல்ல ஸ்டூடியோவாகப் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொள். செல்லில் வேண்டாம், சட்டம் போட்டு மாட்டுகிற மாதிரிப் பெரிய படம். எனக்கும் ஒன்று அனுப்பு.

நீ என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறாய்.

அத்தை


குற்றாலம்
16.3.2025

அன்புள்ள அத்தைக்கு,

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே இதை எழுதுகிறேன். பட்டு வந்தது. இன்னும் பிரிக்கவில்லை.

மூன்று நாட்களுக்கு முன் கன்றின் நுனியில் முதல் மொட்டைப் பார்த்தேன். சின்ன விரல் நகம் அளவு, பச்சையாக, மேலே வெள்ளைப் பூனைமயிர். சந்தோஷத்தில் ஜெபமலர் அக்காவைக் கூட்டிவந்து காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. கன்று வைத்த அன்று அவள் காப்பி கொண்டுவருவதற்குள் வேலை முடிந்திருந்தது. மண்வெட்டி என் கையில் இருந்ததால், நட்டது நான் என்றே நினைத்திருக்கிறாள். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“ஏட்டி, விழுந்த மரம் யார் நட்டதுன்னு ஒனக்குத் தெரியாதா? ஒங்க அப்பா நட்டதுலா. இந்த வீட்டு ஆளுக செம்பகத்தத் தொட்டு நட மாட்டாவ. பொண்டாட்டி பொறந்த வீட்டுலருந்து கூட்டிட்டு வந்துதான் நடச் சொல்லுவாவ. நட்ட கை மொதப் பூவத் தாண்டாதுன்னு அவங்களுக்குத் தெரியும்.”

அவள் சொன்ன மற்றதையும் எழுதிவிடுகிறேன். முதல் பூ விரிந்த அன்று அப்பா உங்களைப் பார்க்க வந்தாராம். வாசல் அறையில் படுத்தாராம். “காலைல எந்திக்கல. வீடே மணத்துக் கெடந்துச்சு” என்றாள். எனக்கு அப்போது ஆறு வயசு. அப்பா நெஞ்சுவலியில் போனார் என்றுதான் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர் சட்டையில் இருந்த வாசம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அம்மா ஏன் இந்த வீட்டுத் தண்ணீரைக் குடிக்கவில்லை என்றும் இப்போது புரிகிறது.

இது உண்மையா அத்தை?

இன்னொன்றும் கேட்கிறேன். அக்கா நினைப்பதற்கு மாறாக, நட்டது நான் இல்லை, வேறு யாரோ என்றால், அது யாரைச் சேரும்?

நான் நம்பவில்லை. ஆனாலும் இன்று சாயங்காலம் விளக்கு வைக்கும் முன் அந்த மொட்டைக் கிள்ளிவிட்டேன். கிள்ளிய இடத்தில் நீர் கசிந்தது.

மொழி


மும்பை
17.3.2025

மருமகள் மொழிக்கு,

லிங்கத்துக்கு நாலு நாளாகக் காய்ச்சல். ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஒன்றும் இல்லாமலா ஒருத்தன் கண் திறக்காமல் கிடப்பான்?

அவன் தலையணையில் செண்பக வாசம் அடிக்கிறது. உறையை மாற்றினேன், மெத்தையை மாற்றினேன். வாசம் அவன் மூச்சில் வருகிறது மொழி.

நேற்றுச் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் காய்ச்சல் தானாக இறங்கியது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான். இன்று காலையில் மறுபடியும் கொதிக்கிறது.

நீ எப்படி இருக்கிறாய்? உனக்கு ஒன்றும் இல்லையே? உனக்கு ஏதாவது என்றால் எனக்குப் புரிந்திருக்கும். உண்மையை எழுது, அந்தக் கன்றை வைத்தது யார்?

அத்தை


குற்றாலம்
24.3.2025

அத்தைக்கு,

எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை. உங்கள் கடிதமும் என் கடிதமும் வழியில் எங்கோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நான் மொட்டைக் கிள்ளியதும் அத்தான் எழுந்து உட்கார்ந்ததும் ஒரே சாயங்காலம். அதைப் படித்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். இலைக்குப் பின்னால் இன்னொரு மொட்டு, என் கண்ணுக்குத் தப்பியது, நுனி வெளுத்து நாளைக்கே விரிகிற மாதிரி நின்றது. அதையும் கிள்ளினேன். அத்தானுக்குப் போன் போட்டேன். சாதாரணக் குரலில் “என்னட்டி, பசிக்குது, அம்மா ரசத்தையே ஊத்துதா” என்றார்.

நட்டது லிங்கம் அத்தான்.

போன ஆகஸ்டில் அவர் ஐதராபாத் போகவில்லை. சுரண்டையில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் பார்த்ததிலிருந்து போனில் பேசிக்கொண்டிருந்தோம். என்னைப் பார்க்கத்தான் வந்தார். உங்களிடம் சொல்லிவிடாதே என்றார். சொல்ல எனக்கும் வாய் வராது என்று உங்களுக்குத் தெரியும். நான் குழி வெட்டிவிட்டு மூச்சு வாங்க நின்றேன். “பாட்டனி படிச்சவளுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியல பாரு. தள்ளுட்டி, நான் வைக்கேன்” என்று கன்றை வாங்கிக் குழியில் இறக்கினார். மண்ணைத் தள்ளி மிதித்ததும் அவர்தான். நான் ஒரு பிடி மண்கூடப் போடவில்லை. போட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தேன்.

மொழி


மும்பை
3.4.2025

என் தங்கமே மொழி,

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். லிங்கம் ஆபீஸ் போகத் தொடங்கிவிட்டான். அவனுக்கு எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

நான் சொல்வதைக் கவனமாகக் கேள். கன்றை வெட்டிவிடலாம் என்று நினைக்காதே. வெட்டுவது பூத்ததற்குச் சமம் என்று உன் மாமா வீட்டில் சொல்வார்கள். பிடுங்கி வேறு இடம் வைத்தால் தாங்காது என்று நீயே எழுதியிருக்கிறாய். மொட்டைக் கிள்ளு. ஒன்றையும் விடாதே. இலை இலையாகத் தூக்கிப் பார். இதை வேறு யாரையும் நம்பி விட முடியாது.

உனக்கு லிங்கத்தைப் பிடித்திருக்கிறது என்று இப்போது தெரிந்துகொண்டேன். எனக்குச் சம்மதம். வைகாசியிலேயே முடித்துவிடலாம். வீட்டை உன் பெயருக்கு எழுதி வைக்கிறேன். அந்த வேலை கீலையெல்லாம் உனக்கு எதற்கு? அவன் இங்கே இருக்கட்டும், மாதம் ஒருமுறை வந்துபோவான். நீ அங்கேயே இரு. அந்த வாசலை விட்டு ஒரு நாளும் நகராதே.

உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

அத்தை


குற்றாலம்
12.4.2025

அத்தைக்கு,

நலம். அத்தான் நலமாக இருக்கிறார் என்று நான் மொட்டுகளிலிருந்தே தெரிந்துகொள்கிறேன்.

கோடை வந்ததும் கணுவுக்குக் கணு மொட்டு விடுகிறது. காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் பார்க்கிறேன். ஸ்டூல் போட்டால் இப்போது நுனி எட்டுகிறது. அடுத்த வருஷம் ஏணி வேண்டியிருக்கும். அதற்கும் அடுத்த வருஷம் என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நன்றாக வளர்கிற மரம். குழியை நான் அவ்வளவு சரியாகப் போட்டிருக்கிறேன்.

கல்யாணத்துக்கு நான் சம்மதிக்கவில்லை. போன ஆகஸ்டில் இதை நீங்கள் எழுதியிருந்தால் இந்த வீடு முழுக்கத் துள்ளி ஓடியிருப்பேன். உயிரோடு இருப்பதற்காக ஒருவர் என்னைக் கட்டிக்கொள்ள வேண்டாம். அத்தானிடம் எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு ஊட்டியில் வேலை வந்திருக்கிறது. அடுத்த மாதம் போய்ச் சேர வேண்டும். அம்மாவையும் கூட்டிப்போகிறேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தது நான். இந்த வாசலைக் காக்க நான் படிக்கவில்லை.

அதனால் மே மாதம் பிறப்பதற்குள் நீங்கள் இங்கே வந்துவிடுங்கள். நான் கிளம்பும்வரை ஒரு மொட்டையும் விடமாட்டேன், அத்தானுக்காக. அதன்பிறகு கிள்ளுவது உங்கள் கை. எப்படிப் பார்க்க வேண்டும் என்று கூடவே நின்று சொல்லித்தருகிறேன். இலையின் அடியில், காம்போடு ஒட்டிக்கொண்டு ஒளிந்திருக்கும். பச்சைப் பட்டுப் புடவையை உங்கள் அலமாரியில் வைத்திருக்கிறேன். பிரிக்கவில்லை. படமும் எடுக்கவில்லை.

அப்பாவைப் பற்றி இரண்டு கடிதங்களில் கேட்டேன். நீங்கள் பதில் எழுதவில்லை. இனிக் கேட்கவில்லை. நேற்று வீட்டுக்குப் பின்னால் ஏணி இருக்கிறதா என்று தேடினேன். சுவரில் ஒரு தொரட்டிக் கம்பு சாத்தியிருந்தது. ஜெபமலர் அக்காவைக் கேட்டேன். அது உங்கள் காலத்திலிருந்தே அங்கேதான் இருக்கிறதாம், நீங்கள் தேங்காய் பறிப்பீர்களாம். வாசலுக்குக் கொண்டுவந்து தூக்கிப் பார்த்தேன். மாடி உயரத்துக்கு எட்டுகிறது. பழைய மரத்தின் முதல் மொட்டுக்கும் எட்டியிருக்கும்.

இதை இன்லேண்டில் எழுதாமல் கவரில் போடுகிறேன். உள்ளே இந்த வாரம் கிள்ளிய மொட்டுகள் இருக்கின்றன. பச்சை மொட்டுக்கு வாசம் கிடையாது. நான் முகர்ந்து பார்த்துத்தான் வைத்தேன். நீங்கள் கவரைப் பிரிக்கும்போது வாசம் வந்தால், இங்கே ஒன்று என் கண்ணுக்குத் தப்பிவிட்டது என்று அர்த்தம். டிக்கெட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். முதலில் அத்தான் அறைக்கு ஓடிப் பாருங்கள்.

இப்படிக்கு,
சுடலைமுத்து மகள்
குழல்வாய்மொழி